சத்தமில்லாத கடைசிப் பாடம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியவே புழுக்கம். ஸ்கூட்டி பள்ளிக்கூட வாசலில் நின்றுபோனது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கை முழுக்கக் கரி. அதே கையோடு தரம் நான்குக்குத் தமிழ்.

வாசிப்பு மாதமாம். வாசலில் பதாகை கட்டியாயிற்று. ஆனால் புத்தக அலுமாரிக்குத் திறப்பு இல்லை. நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் துணுக்காய்க்கு இடமாற்றம் கிடைத்த சந்தோசத்தில் திறப்பையும் கொண்டுபோய்விட்டார். அதிபரிடம் கேட்டேன். "பூட்டை உடைக்க வலயக் கல்வி ஒபீசிட்ட அனுமதி எடுக்கோணும் ரீச்சர்." அனுமதிக்கு எழுதினீங்களோ என்றேன். வாசிப்பு மாதம் முடியட்டுமாம்.

இன்றைய பந்தி: நுளம்பும் டெங்குக் காய்ச்சலும். கேள்வி: சிரட்டையை ஏன் கவிழ்த்து வைக்க வேண்டும்? வகுப்பு முழுக்க ஒரே விடை: "சிரட்டை, டயர், யோகட் கோப்பை என்பன வீட்டைச் சுற்றிக் காணப்படும்." கேள்வியில் 'சிரட்டை' இருக்கிறதா, பந்தியில் 'சிரட்டை' எங்கே என்று தேடு, அந்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் இறக்கு, முடிந்தது வேலை. ஏன் என்று கேட்டதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"விளங்கினதோ?" என்றேன். "ஓம் ரீச்சர்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். இவர்களுக்கு விளங்குகிற ஒரே கேள்வி இதுதான்.

வாங்க வேண்டியது: பிறிஸ்டல் போட், மாக்கர் (நீலம்), பனடோல்.

ஒக்டோபர் 8, புதன்

மழை இருட்டிக்கொண்டு வந்து அப்படியே கடல் பக்கம் போய்விட்டது.

கடைசிப் பாடம். நான் இந்தத் தவணை தொடங்கிய வழக்கம்: சத்தம் போடாமல் ஆளாளுக்குத் தனியே வாசிப்பது. அலுமாரி பூட்டு என்பதால் என் வீட்டுப் புத்தகங்கள், பேப்பரில் வருகிற சிறுவர் பக்கங்கள், நானே பிறிஸ்டல் போட் மட்டையில் எழுதிய குட்டிக் கதைகள். முதல் கிழமை கொட்டாவி. பிறகு கிள்ளுப்பாடு. இப்போது பாதிப் பேராவது பக்கத்தைப் புரட்டுகிறார்கள். அதில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அதிபர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ரீச்சர், என்ன நடக்குது?"

"வாசிக்கினம் சேர்."

"ஒபீசில இருந்தால் தரம் மூண்டு கேக்குது, தரம் அஞ்சு கேக்குது. உங்கட வகுப்பு மட்டும் செத்த வீடு மாதிரிக் கிடக்கு. றோட்டால போற தாய்தேப்பன் என்ன நினைப்பினம்?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதைக் காதால்தான் அளப்பது. சத்தம் வந்தால் பாடம் நடக்கிறது. சத்தம் இல்லாவிட்டால் ரீச்சர் போன் பார்க்கிறா. இங்கே இது எழுதாத சட்டம்.

பிறகு விசயத்துக்கு வந்தார். இருபத்திமூன்றாம் திகதி வலயமட்ட வாசிப்புப் போட்டி. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து டிலக்சியா. "முதலாமிடம் எடுத்துக்கொண்டு வாங்கோ, உங்கட சத்தமில்லாப் பாடத்தை வருசம் முடியுமட்டும் நடத்துங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி அந்தப் பாடத்தை மாதிரி வினாத்தாளுக்குத் தாங்கோ. அடுத்த வருசம் புலமைப்பரிசில் எழுதுற பிள்ளையள்."

சரி என்றேன். டிலக்சியாவைவிட்டால் இந்த வலயத்தில் வாசிக்க ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டிலக்சியா. தகப்பன் கடல்தொழில், தாய் கருவாடு போடுகிறா. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற பிள்ளை. குரல் அப்படி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி வாசித்தால் கேட்கிறவருக்குக் கண் கலங்கும். வாசித்ததில் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 10, வெள்ளி

நேற்று ஆத்திரத்தில் ஒரு பந்தி எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், பிறகு நான் பொய் சொன்னதாக நானே நினைத்துவிடக்கூடாது:

"ஓர் ஊரில் ஒரு கிரும்பி இருந்தது. அது தினமும் மொட்டலுக்குள் துளவியது. ஒரு நாள் கொழுத்த பேணவம் வந்ததால் கிரும்பி தன் நெடுலியைக் கழற்றிவிட்டு ஓடியது."

கிரும்பி என்று ஒன்றும் இல்லை. பேணவமும் இல்லை. எல்லாம் என் மண்டைக்குள் இருந்து வந்தவை.

கேள்விகள்: கிரும்பி எங்கே துளவியது? கிரும்பி ஏன் ஓடியது? ஓட முன் எதைக் கழற்றியது?

எல்லாரும் எல்லாம் சரி. ஒரு பிழை இல்லை. இந்த வருசம் இந்த வகுப்பு எடுத்த ஆகக் கூடிய புள்ளி, இல்லாத மிருகத்தின் கதைக்கு. ஒரு பிள்ளையாவது "இதென்ன ரீச்சர்" என்று கேட்கட்டும் என்று வாசலில் நின்று காத்திருந்தேன். கேட்கவில்லை. டிலக்சியாவை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். 'ஓடியது' என்ற இடத்தில் குரலை ஒரு நடுக்கு நடுக்கினாள் பாருங்கள், கிரும்பிக்காக எனக்கே துக்கம் வந்தது.

"கிரும்பி எண்டால் என்ன பிள்ளை?"

"கிரும்பி எண்டால் மொட்டலுக்குள்ள துளவுறது ரீச்சர்."

சிரிப்பதா அழுவதா.

இது போதாதென்று இடைவேளைக்குப் பிறகு ஆசிரிய ஆலோசகர் வந்து இறங்கினார். நல்ல மனிசன், களைத்துப் போய் வந்தார், மாங்குளத்தில் இருந்து பஸ். மேசையில் கிடந்த கொப்பிகளைப் புரட்டினார். கிரும்பி விடைகளைப் பார்த்தார். தலையாட்டினார். "கிரகித்தல் அடைவு நல்லாயிருக்கு ரீச்சர். என்ன முறை பாவிக்கிறீங்கள்?"

"பயிற்சிதான் சேர்" என்றேன். குறிப்புப் புத்தகத்தில் 'சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதிபர் பக்கத்தில் நின்றார், அதுதான் சொல்லவில்லை.

தலையிடி. பனடோல் இரண்டு.

ஒக்டோபர் 13, திங்கள்

இரவு நல்ல மழை. வகுப்பின் கிழக்கு மூலையில் ஒழுக்கு, பிள்ளைகள் இருக்கிற வாங்கைத் தள்ளி இழுத்து வைத்தோம்.

புதுக் கதை, பிறிஸ்டல் போட்டில், என் கையெழுத்தில், நீல மாக்கரில். சின்னக் கதைதான்:

"அம்மா பானையை வழித்து மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போட்டாள். 'அம்மா, நீங்கள் சாப்பிடவில்லையா?' என்று மூத்தவள் கேட்டாள். 'எனக்குப் பசிக்கவில்லை' என்று சொல்லிவிட்டு அம்மா இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தாள்."

கேள்வி: அம்மாவுக்குப் பசித்ததா?

"இல்லை ரீச்சர்!" மொத்தமாக.

"எப்பிடித் தெரியும்?"

"எழுதிக் கிடக்கு ரீச்சர். பசிக்கவில்லை எண்டு."

"எழுதினால் அப்பிடியே தானோ? ஒருக்கால் யோசியுங்கோ. பானையில என்ன மிச்சம்?"

முன்வாங்கு நுஸ்ரத் எழும்பி, "பானையைப் பற்றி கேள்வி இல்லையே ரீச்சர்" என்றாள். கேள்வியில் இல்லாததை யோசிப்பது அவளுக்கு அத்துமீறலாகப் படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை, தகப்பன் கடை வைத்திருக்கிறார், கணக்கில் புலி. ஆனால் கதைக்குள் கால் வைக்கச் சொன்னால் வாசலிலேயே நிற்கிறாள்.

சோக்கட்டியை எறிந்தேன். பிள்ளைகள் மேல் இல்லை, குப்பைக் கூடைக்கு. அதுவும் படவில்லை.

இவர்கள் மேல் பிழை இல்லை, தெரியும். முதலாம் வகுப்பில் இருந்து "சொல்லுங்கோ" என்றோம், சொன்னார்கள். "பாத்து எழுதுங்கோ" என்றோம், எழுதினார்கள். யோசியுங்கோ என்று இப்போது நான் புதிதாக வந்து நின்றால், ரீச்சருக்கு என்ன பிடித்தது என்றுதானே பார்ப்பார்கள். தெரிந்தும் கோபம் வருகிறது.

டிலக்சியாவுக்குப் போட்டிப் பயிற்சி, பள்ளி விட்டபின் கொஞ்ச நேரம். குரல் தேன். சரி, இது ஒன்றாவது கவலையில்லை.

ஒக்டோபர் 15, புதன்

இடைவேளை. பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டிலக்சியா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் அந்தப் பிறிஸ்டல் போட். திங்கட்கிழமையில் இருந்து கடைசிப் பாடத்தில் அதையேதான் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். நான் வேறு எடு என்று சொல்லவில்லை, பார்க்கவும் இல்லை.

"ரீச்சர்."

"என்ன?"

"அந்த அம்மா பொய் சொன்னவா."

பணிசை வைத்தேன்.

"எந்த அம்மா?"

"இந்த அம்மா. அவாக்குப் பசிச்சது. பானையை வழிச்சிட்டா, இனிச் சோறு இல்லை. அதுதான் தண்ணி குடிச்சவா. ரெண்டு கோப்பை. பசிக்காட்டி ஏன் ரெண்டு கோப்பை தண்ணி?"

"ஏன் பொய் சொன்னவா?"

"உண்மையைச் சொன்னா மூத்த பிள்ளை சாப்பிடாதுதானே ரீச்சர்." பிறகு என்னைக் கொஞ்சம் குற்றமாகப் பார்த்து, "நீங்கள் இதை எழுதேல்லை" என்றாள்.

எழுந்து மலசலகூடப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பத்தொன்பது வருசம் படிப்பிக்கிறேன். இப்படி ஒரு பிள்ளை வந்து நின்றது எத்தனை தரம்? சந்தோசம் என்று எழுதவே பயமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோசம். நல்ல சந்தோசம்.

பணிசைக் காகம் கொண்டுபோய்விட்டது.

ஒக்டோபர் 17, வெள்ளி

சந்தோசத்தை எழுதியிருக்கக் கூடாது.

போட்டிப் பயிற்சி. புதுப் பந்தி ஒன்று கொடுத்தேன், ஒரு கிழவரும் மாம்பழக் கூடையும். மூன்றாம் வரியில் நிற்கிறாள். திரும்பிப் போய் இரண்டாம் வரியை வாய்க்குள் வாசிக்கிறாள். பிறகு "ஆ" என்கிறாள். பிறகு தொடர்கிறாள். அடுத்த வரியில் மறுபடி. ஒரு இடத்தில் சிரித்தே விட்டாள், கிழவர் தன் தலையில் இருந்த கண்ணாடியைத் தேடுகிறார் என்று. வாசிப்பை நிறுத்திவிட்டு எனக்குக் காட்டுகிறாள்: "தலையில தானே ரீச்சர் கிடக்கு!"

பாடமாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். போட்டிக்கு இது சரிவராது.

நடுவர்கள் பார்ப்பது: உச்சரிப்பு, தொனி, தங்குதடையின்மை, நிற்கும் தோரணை. வரியைத் திரும்ப வாசித்தால் புள்ளி குறையும். வாசித்தது விளங்கியதா என்று பார்க்க ஒரு கட்டமும் இல்லை. நான் சுற்றுநிருபத்தை இரண்டு தரம் பார்த்தேன்.

ஆக நான் செய்த வேலை என்ன? நல்லாக ஓடிய வள்ளத்தை, போட்டிக்கு முந்தின கிழமை கரைக்கு இழுத்து ஓட்டை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் முழுக்கு, கோயில், வடை. என் கணவர் வவுனியாவில் இருந்து பஸ் பிடித்து மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். டிலக்சியா விசயத்தைச் சொன்னேன். "தோத்தால் தோக்கட்டுமே, ஒரு பிள்ளைக்கு விளங்கினது காணாதோ" என்றார். இவருக்கு என்ன, மாவட்டக் கச்சேரியில் கோப்புப் புரட்டுகிற வேலை. மற்றப் பிள்ளைகள்? அந்தப் பாடம் போனால் நுஸ்ரத் எப்போது வாசலைத் தாண்டுவது? ஒரு பிள்ளைக்கு விளங்கப் பிடித்தது இவ்வளவு காலம். கூரைக்குக் கேட்கக் கத்துகிற பாடத்தில் இது நடக்கவே நடக்காது.

வடைக்கு உப்புக் கூடிவிட்டது. ஒருத்தரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

டிலக்சியாவின் தாய் வாசலில். கையில் மீன் மணம், தலையில் ஈரத் துவாய், நேரே கருவாட்டுப் பந்தலில் இருந்து.

"ரீச்சர், பிள்ளைக்கு ஏதோ நடந்திட்டுது."

"என்ன நடந்தது?"

"கொன்னை பழகுது. முந்தி வேதாகமத்தைத் திறந்தால் தண்ணி மாதிரி வாசிப்பாள், அயலட்டையே கேக்கும். இப்ப நிண்டு நிண்டு வாசிக்கிறாள். ராத்திரிச் செபத்தில நடுவில நிப்பாட்டிப்போட்டு என்னைக் கேக்கிறாள், 'அம்மா, இவர் ஏன் இப்பிடிச் செய்தவர்' எண்டு. எனக்கென்ன தெரியும்? தேப்பன் சிரிக்கிறார். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"அது கொன்னை இல்லை அம்மா. விளங்கி வாசிக்கிறாள்."

"முந்தியும் விளங்கித்தானே வாசிச்சவள்! கேட்ட சனமெல்லாம் அழுததே!"

தாய் விடவில்லை. "அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேந்திருக்கிறன்" என்றா. "நாளையிண்டைக்குப் போட்டியில பிள்ளை நிண்டிட்டால் என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? நீங்கள்தானே ரீச்சர் பழக்கினது. நீங்களே சரிப்படுத்தி விடுங்கோ." கோபமாகத்தான் சொன்னா, ஆனால் போகும்போது ஒரு பை கருவாடு மேசையில் வைத்துவிட்டுப் போனா. அறை முழுக்க மணம். கணக்குப் பாடம் முழுக்கப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள்.

அதிபர் போகிற போக்கில்: "எல்லாம் ஓகே தானே ரீச்சர்? வலயத்தில நான் சொல்லிப்போட்டன், முதலாமிடம் எங்களுக்குத்தான் எண்டு."

ஒக்டோபர் 22, புதன்

மழை விடவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

கடைசிப் பயிற்சி. நின்றாள், திரும்பினாள், யோசித்தாள், தொடர்ந்தாள். பந்தி முடிய முன் போட்டிக்குரிய நேரம் முடிந்துவிட்டது. கதை என்னவென்று கேட்டேன். ஒரு சொட்டு விடாமல் சொன்னாள், நான் கவனிக்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். இந்தப் பிள்ளை நாளைக்குக் கடைசி இடம்.

பக்கத்தில் இருத்தினேன். சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"டிலக்சியா, நாளைக்கு மட்டும் யோசிக்காத. விளங்க வேண்டாம். பழையபடி வாசி. நிக்காத, திரும்பாத. சரியோ?"

"ஏன் ரீச்சர்?"

"நாளைக்கு மட்டும்."

"விளங்க வந்தால்?"

"வந்தாலும் விடாத. வாசிச்சுக்கொண்டு போ."

"சரி ரீச்சர்."

கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இந்தத் தவணை முழுக்க நான் கத்தினது ஒன்று, இன்றைக்குச் சொன்னது ஒன்று. வகுப்புக்காகத்தான். அந்தப் பாடம் மிஞ்ச வேண்டும். மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படி எழுதி எழுதிப் பார்க்கிறேன், மனம் ஆறவில்லை. எனக்கே என்மேல் அருவருப்பு.

நாளைக்கு: பிள்ளைக்கு வெள்ளை றிபன் ஒன்று கூட. குடை. தண்ணீர்ப் போத்தல். தாயை நேரத்துக்கு வரச் சொல்லிப் போன் எடுக்க.

ஒக்டோபர் 23, வியாழன்

போட்டி புதுக்குடியிருப்பில். ஓட்டோவில் நான், டிலக்சியா, தாய். றோட்டோரம் எல்லாம் வெள்ளம். தாய் வாய்க்குள் செபம்.

மண்டபத்தில் கதிரை காணாது. நான் எப்படியோ முன் வரிசையில். பந்தி அங்கேதான் கொடுப்பார்கள், ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. டிலக்சியாவின் முறை. மேடையில் ஏறினாள், தாளைப் பிடித்தாள், கும்பிட்டாள். தொடங்கினாள்.

பழைய டிலக்சியா. தண்ணீர். ஒரு தடங்கல் இல்லை. ஏற்றம், இறக்கம், கடைசி வரிக்கு முந்திய வரியில் அந்த நடுக்கம். நான் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் மூச்சைப் பிடித்தேன், இந்த இடத்தில் நின்றுவிடுவாளோ, இதில் திரும்புவாளோ என்று. நிற்கவில்லை. நடுவரில் ஒரு அம்மா கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தா.

முதலாமிடம்.

தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கொன்னை போயிட்டுது ரீச்சர்! அந்தோனியார் கைவிடேல்லை!" என்றா. அதிபருக்குப் போன் எடுத்தேன். "நான் சொன்னன்தானே! கடைசிப் பாடம் உங்களுக்குத்தான் ரீச்சர், வருசம் முடியுமட்டும். என்னவெண்டாலும் செய்யுங்கோ." பின்னால் தரம் ஐந்து கத்துவது போனிலேயே கேட்டது.

திரும்பி வரும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. தாய் பரிசுக் கிண்ணத்தை மடியில் வைத்தபடி நித்திரை. டிலக்சியா வெளியே வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன்.

"என்ன கதை பிள்ளை அது, நீ வாசிச்சது?"

"தெரியாது ரீச்சர்."

"ஒண்டும் விளங்கேல்லையோ?"

"விளங்க வரப் பாத்தது. முதல் வரியில ஒராள் ஆட்டைத் துலைச்சிட்டார் எண்டு வந்தது. நான் விடேல்லை. நீங்கள் சொன்னனீங்கள்தானே." றிபன் நுனியைக் கடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனி விளங்கலாம்தானே ரீச்சர்? நீங்கள் முன்னுக்குத்தானே இருந்தனீங்கள். அந்த ஆடு கிடைச்சுதோ?"

முன் வரிசையில்தான் இருந்தேன். முதல் சொல்லில் இருந்து கடைசிச் சொல் வரைக்கும் கேட்டேன். நிற்பாளோ என்று மட்டும்தான் கேட்டேன். ஆடு கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை.